தங்கை கல்யாணத் தாம்பூலப் பையில் என்ன வைக்கலாம்? ஒரு பைக்கு 65 ரூபாய் கணக்கு

கீழ்பவானி மகள் எழுதியது:

வணக்கமுங்க. வைகாசி கடைசியில் தங்கைக்குக் கல்யாணம், மண்டபம் பெருந்துறையில். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். மண்டபம், சமையல், பூ எல்லாம் பேசி முடித்தாயிற்று. தாம்பூலப் பையில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறோம். 900 பை வேண்டும் என்று போட்டிருக்கிறோம், ஒரு பைக்கு 65 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, மொத்தத்தில் 58,500. அதற்குள் பை, தேங்காய், வெற்றிலை பாக்கு, கூடவே வந்தவர்கள் ஞாபகமாக வைத்துக்கொள்கிற மாதிரி ஏதாவது ஒரு பொருள்.

அந்த ஒரு பொருள் என்ன என்பதுதான் கேள்வி. ஆறு வருடத்துக்கு முன் என் கல்யாணத்தில் குட்டி பிளாஸ்டிக் கூடை கொடுத்தோம். கடையில் அடுக்கி வைத்திருந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மண்டபத்தைக் காலி செய்து கொடுக்கப் போனால், பின்பக்கச் சுவரோரம் எச்சில் இலைக் குவியலோடு பத்துப் பன்னிரண்டு கூடை கிடந்தது. தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு கூடையை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். போனவர்களைக் குறை சொல்ல முடியாது, அதை வைத்து அவர்கள் என்னதான் செய்வார்கள்? அப்பாவும் என்னோடுதான் வந்திருந்தார், அதைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அது அந்த வருடம் மஞ்சள் விற்ற காசு. அந்தச் சுவரோரம் இன்னமும் என் கண்ணில் நிற்கிறது, அதனால்தான் இந்த முறை இத்தனை யோசனை.

அம்மா எவர்சில்வர் டப்பா என்கிறார், ஆனால் நம் கணக்குக்கு வருகிற டப்பா தகடு மாதிரி இருக்கிறது, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. தங்கை மரக்கன்று கொடுக்கலாம் என்கிறாள். அப்பாவைக் கேட்டால், அவர் மஞ்சள் வேக வைக்கிற அவசரத்தில் இருக்கிறார், "தேங்காய்ப் பை போதும் கண்ணு, வந்தவங்க வயிறாரச் சாப்பிட்டாங்களான்னு பாரு" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய்விடுகிறார்.

பிளாஸ்டிக் வேண்டாம், குப்பைக்குப் போகக் கூடாது, முடிந்தால் நம் பக்கத்துப் பொருளாக இருக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


கோபி பச்சை எழுதியது:

மரக்கன்று பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் இரண்டு முறை கொடுத்திருக்கிறோம், ஒரு முறை கெட்டது, ஒரு முறை நன்றாக அமைந்தது.

அண்ணன் கல்யாணம் சித்திரையில். 500 கன்று, வேம்பும் புங்கனும் பாதிப் பாதி. ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்தோம். எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் வாங்கினார்கள். சாயங்காலம் பார்த்தால் நாற்காலிக்கு அடியில், கை கழுவும் இடத்தில், வண்டி நிறுத்துகிற இடத்தில் என்று மொத்தம் 200 கன்றுக்குக் கிட்ட நின்றது. பஸ்ஸில் வந்தவர்கள் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் பையும் வைத்துக்கொண்டு கன்றை எதில் பிடிப்பார்கள்? கோயம்புத்தூரில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் புங்கனை எங்கே நடுவார்? மிஞ்சியதை டிராக்டரில் ஏற்றி வந்து வாய்க்கால் மேட்டில் நட்டோம், அதில் பாதி வெயிலுக்குத் தாங்கவில்லை.

அக்கா பெண் கல்யாணத்தில் மாற்றிச் செய்தோம். 150 கன்று மட்டும், வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் நிழலில் ஒரு மேசை, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சை, செம்பருத்தி. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தோம். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் ஒன்றும் மிஞ்சவில்லை, கறிவேப்பிலை கேட்டு ஏமாந்து போனவர்கள்கூட உண்டு. தேடி வந்து எடுப்பவர் அதைப் பிழைக்க வைப்பார். இப்போதும் யார் வீட்டுக்காவது போனால், இது உங்கள் கல்யாணத்துச் செடி என்று கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

உங்களுக்கு வைகாசி என்பதால் இன்னொன்று தோன்றுகிறது. அடுத்த இரண்டாவது மாதம் ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் வீடுகளில் சொல்லாத ஆள் கிடையாது. அவரை, பீர்க்கு, சுரை, புடலை, இந்த நான்கில் ஏதாவது ஒன்று பத்து விதை ஒரு சின்னக் காகித உறையில். பக்கத்துத் தோட்டத்தில் முற்றவிட்டு எடுத்த நாட்டு விதை என்றால் செலவு உறைக்கு மட்டும்தான். உறை மேல் விதையின் பெயரும் ஆடியில் போடவும் என்ற ஒரு வரியும் இருந்தால் போதும். ஆனால் விதை முளைக்கிறதா என்று முன்னாடியே ஈரத் துணியில் கட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள், போன வருடத்து விதை பல நேரம் ஏமாற்றிவிடும்.


மஞ்சக்காடு எழுதியது:

ஏனுங்க, உங்கள் அப்பா களத்தில் மஞ்சள் வேக வைத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் தாம்பூலப் பைக்கு என்ன வைப்பது என்று இங்கே கேட்கிறீர்கள். பொருள் உங்கள் வாசலிலேயே காய்கிறதே!

இதை மனசாரச் சொல்கிறேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல், இந்த மண்ணுக்கே உரியது என்று அரசு தருகிற புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மஞ்சளை விளைவிக்கிற வீட்டுக் கல்யாணத்தில், அந்த வீட்டு மஞ்சளைக் கொடுக்காமல் வேறு என்ன கொடுப்பது? ஒரு பைக்கு 100 கிராம் தூள் என்று வைத்தாலும் 900 பைக்கு 90 கிலோ, அரைக்கிறபோது கொஞ்சம் சேதாரம் போகும், ஒரு குவிண்டால் எடுத்து வைத்தால் தாராளம். நல்ல விளைச்சலில் ஒரு ஏக்கருக்கு 20 குவிண்டாலுக்கு மேல் காய்ந்த மஞ்சள் வருகிறது. அதில் ஒன்றை மகள் கல்யாணத்துக்கு ஒதுக்க எந்த அப்பாவும் யோசிக்க மாட்டார்.

நாங்கள் போன வருடம் தம்பிக்கு இப்படித்தான் செய்தோம், அதில் பட்டதைச் சொல்கிறேன். முதலில், கல்யாணத்துக்கு ஒதுக்குவது விரல் மாதிரி நீளமான விரலியாக இருக்கட்டும், உருண்டையான கிழங்கு மஞ்சளைச் சந்தைக்கு விட்டுவிடுங்கள். வேக வைத்து எடுத்தது களத்தில் நன்றாகக் காய வேண்டும், ஒரு விரலை எடுத்து ஒடித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும் என்று அர்த்தம். ஒடித்த இடத்தைப் பாருங்கள், உள்ளே கரும் ஆரஞ்சாக, மெழுகு தேய்த்த மாதிரி மினுங்கினால் அது நல்ல மஞ்சள். மெருகு போடுகிற டிரம்மில், விற்பனைக்குப் போவதற்கு மேல் நிறம் எடுப்பாக இருக்க மஞ்சள் தூளைக் கரைத்துத் தெளிப்பார்கள். வீட்டுக்கென்று எடுக்கிற மூட்டைக்கு அது வேண்டாம், தோலும் மண்ணும் போனால் போதும் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது அரைப்பு. சாதாரண மாவு மில்லில் மஞ்சள் எடுக்க மாட்டார்கள், அது கல் மாதிரி இருக்கும், முதலில் உடைத்துத்தான் பிறகு அரைக்க முடியும். மஞ்சளும் மிளகாயும் அரைக்கிற மில்லைத் தேடிப் போங்கள், காலையில் முதல் ஆளாகப் போங்கள், மிளகாய் அரைத்த கையோடு நம் மஞ்சளைப் போட்டால் காரம் ஏறிவிடும். எங்களுக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் அரைகூலி ஆயிற்று. அரைத்ததும் தூள் சூடாக இருக்கும், சூட்டோடு கட்டக் கூடாது, வேட்டியை விரித்துப் பரப்பி ஆறவிட்டு அப்புறம்தான் பொட்டலம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு அரைத்தால் போதும், அதற்கு முன்னால் அரைத்தால் வாசம் குறைந்துவிடும்.

பொட்டலம் எப்படி என்று கேட்பீர்கள். சுருக்குப் பை. நம் பாட்டிமார், அம்மிச்சிகள் இடுப்பில் செருகி வைத்திருந்தார்களே, காசும் வெற்றிலையும் போட்டு நாடாவை இழுத்தால் வாய் மூடுகிற பை, அதேதான். உள்ளங்கை அளவில் தைத்தால் 100 கிராம் சரியாக உட்காரும். ஆனால் தூளை நேராகத் துணியில் போட்டுவிடாதீர்கள். நாங்கள் முதல் ஐம்பது பையை அப்படித்தான் கட்டினோம், இரண்டே நாளில் துணியைத் தாண்டி வெளியே வந்துவிட்டது, தொட்டவர் கையெல்லாம் மஞ்சள். பட்டுப் புடவை கட்டி வருகிற இடத்தில் இது பெரிய வம்பு. எண்ணெய்த் தாளில் மடித்து, வாயை நன்றாக ஒட்டி, அப்புறம் சுருக்குப் பைக்குள் வையுங்கள். எங்களுக்குப் பை ஒன்று 8 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தார்கள், தாளும் அதில் அடக்கம்.


தறிமேடை எழுதியது:

நான் பவானி. மஞ்சள் யோசனைக்கு என் ஓட்டு உண்டு, அதோடு பையைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் அதைச் சொல்கிறேன், ஏனென்றால் என்னைக் கேட்டால் பைதான் முதல் அன்பளிப்பு, உள்ளே இருப்பதெல்லாம் அப்புறம்.

கடையில் தாம்பூலப் பை என்று கேட்டால் பல இடங்களில் துணி மாதிரியே இருக்கிற ஒன்றை எடுத்துப் போடுவார்கள், தொட்டால் சொரசொரவென்று இருக்கும், பல கலரில் வரும். அது துணி இல்லை, அதுவும் பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது அந்தப் பையும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. வெயிலில் கிடந்தால் ஒரே வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று துணிப்பை இயக்கம் ஆரம்பித்ததே, அது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த பொருள் இல்லை, நம் கல்யாண வீட்டுப் பைதான் அது. எங்கள் அப்பா பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் வைத்திருக்கிற மஞ்சப்பை அவருடைய சித்தப்பா மகன் கல்யாணத்தில் வாங்கியது, எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது, பை இருக்கிறது.

அதனால் காடாத் துணி எடுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் நெய்கிற வெளுக்காத துணி. முழுச் சுருளாக வாங்கி, ஊரில் தையல் தெரிந்த பெண்களிடமோ மகளிர் குழுவிலோ கொடுத்துத் தைத்தால் ரெடிமேடாக வாங்குவதை விடக் குறையும், துணியும் கனமாக இருக்கும். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாயம், தையல், அச்சு எல்லாம் சேர்த்து ஒரு பை 24 ரூபாய்க்கு அடங்கியது.

தைக்கிறபோது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, பையின் காது. பை கிழிந்து யாரும் தூக்கிப் போடுவதில்லை, காது அறுந்துதான் தூக்கிப் போடுகிறார்கள். தேங்காய் ஒன்றே அரைக் கிலோவுக்கு வரும், அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்க வேண்டுமே. காதை விளிம்பில் ஒட்டினாற்போல ஒரே தையலில் விட்டுவிடுவார்கள். அப்படி வேண்டாம். இரண்டு அங்குலம் உள்ளே இறக்கி, சதுரமாக ஒரு தையல், அதற்குள் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு தையல். இதற்கு மேற்கொண்டு ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுத்துவிடலாம்.

அச்சு பற்றி. மணமக்கள் போட்டோவை முழுப் பைக்கும் போட வேண்டாம், தயவுசெய்து. யாருடைய முகத்தையோ தொங்கவிட்டுக்கொண்டு சந்தைக்குப் போக யாருக்கும் மனசு வராது, மிதிக்கிற இடத்தில் வைக்கவும் மனசு வராது, அதனால் அந்தப் பை பரண் மேல் போய்விடும். ஒரே கலரில், கீழ் மூலையில் சின்னதாக இரண்டு பெயர், ஊர், தேதி. பெரிதாக ஏதாவது வேண்டுமென்றால் ஒரு மஞ்சள் கொத்தோ, தென்னம்பூவோ வரையச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது எல்லோருக்கும் இல்லை. எங்கள் ஊர் ஜமக்காளத்துக்கு 2005-06இலேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது, ஆனால் தரையில் குழி எடுத்து அமைத்த குழித்தறியில் உட்காருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், எங்கள் தெருவிலேயே நான் சின்னப் பையனாக இருந்தபோது கேட்ட சத்தம் இப்போது இல்லை. முன்பெல்லாம் கல்யாணத்தில் பந்தி ஜமக்காளம் என்று நீளமாக, ஒடுக்கமாக விரிப்பார்கள், அதில் வரிசையாக உட்கார்ந்துதான் சாப்பாடு. மேசை நாற்காலி வந்த பிறகு அதற்கு வேலை போய்விட்டது. இப்போது அதே அகலத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குச் சின்ன ஆசனமாக நெய்து கேட்டால் கொடுக்கிறார்கள். ஒன்று முடிந்ததும் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலில், நாலு விரல் இடம் விட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள், வெட்டி எடுத்தபின் அந்த நூலை முடிச்சுப் போட்டால் அதுவே குஞ்சம். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக, துவைத்தால் இன்னும் மெதுவாகும். நான் கடைசியாகச் சொல்லிக் கொடுத்தபோது ஒன்று 400 ரூபாய். தாய்மாமன், சீர் செய்கிறவர்கள், வேலை ஓடியாடிச் செய்த நாலு பேர், இவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் இப்போதே சொல்லிவிட வேண்டும், வைகாசி பிறந்த பிறகு கேட்டால் நடக்காது.


கீழ்பவானி மகள் எழுதியது:

மஞ்சக்காடு அண்ணா, படித்ததும் களத்துக்கே போய் அப்பாவிடம் சொன்னேன். கையில் இருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணத்துக்குன்னா பின்னே நல்லதா எடுக்கணும், இந்தச் சால்ல வேண்டாம், கிணத்து மேட்டுச் சால்ல இருக்கறதை எடுத்துக்கலாம்" என்றார். பிளாஸ்டிக் கூடையைப் பற்றி ஆறு வருடமாக அவர் பேசியதில்லை, நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவராகவே பேசினார்.

இப்போது கணக்கு. பை 24, தேங்காய் 28 என்று சொல்லியிருக்கிறார்கள், சுருக்குப் பை தாளோடு 8, அரைகூலி 2, வெற்றிலை பாக்கு 3. மொத்தம் 65. மஞ்சள் நம்முடையது என்பதால் சேர்க்கவில்லை. சரியாக வந்துவிட்டது, ஆனால் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது, ஜமக்காள ஆசனம் கொடுக்க ரொம்ப ஆசையாக இருக்கிறது. தேங்காயை விட்டுவிடலாமா என்று தங்கை கேட்கிறாள், அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.

அப்புறம் அத்தை ஒருவர், மஞ்சளோடு குங்குமமும் கண்ணாடியும் சீப்பும் வைத்து செட்டாகக் கொடுத்தால்தான் மங்கலமாக இருக்கும் என்கிறார். அது எப்படி?


அம்மிச்சி வீடு எழுதியது:

அம்மிணி, எனக்கு அறுபத்து நாலு வயது, சொந்தத்தில் எத்தனையோ கல்யாணத்தில் வாசலில் நின்று பை கொடுத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தேங்காயை விடாதே. உன் அம்மா சொல்வது சரி. வந்தவர்கள் வீட்டுக்குப் போய் அடுத்த நாள் சட்னிக்கு உடைக்கும்போது உன் தங்கையை நினைப்பார்கள், அதற்கு மேல் என்ன வேண்டும். குடுமியோடு இருக்கிறதாகப் பார்த்து எடு. மொட்டையாக உரித்ததைக் கொடுப்பது மரியாதை இல்லை என்பது ஒரு பக்கம், குடுமி போனால் கண் திறந்துகொள்ளும், வைகாசிச் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும் என்பது இன்னொரு பக்கம். ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார், தண்ணீர்ச் சத்தம் வர வேண்டும். வெற்றிலையை முதல் நாளே பையில் போட்டுவிடாதே, வாடிக் கறுத்துப் போகும். ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைத்து, கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டால் போதும்.

எண்ணிக்கையில்தான் நீ மிச்சம் பிடிக்கலாம். 900 என்பது ஆள் கணக்கா, குடும்பக் கணக்கா? ஆள் கணக்கு என்றுதான் நினைக்கிறேன். ஒரு வீட்டில் நாலு பேர் வந்தால் நாலு பை வாங்கிக்கொண்டு போய் மூன்றை எங்கே வைப்பார்கள்? பத்திரிகை வைத்த வீடுகளை எண்ணு, அதோடு தனியாக வருகிற வேலை இடத்து ஆட்கள், தங்கையின் சிநேகிதிகள், மொய் மட்டும் கொடுத்தனுப்பி வர முடியாமல் போனவர்கள், சமையல்காரர், நாதஸ்வரக்காரர், மண்டபம் கூட்டுகிறவர், எல்லோரையும் சேர். எனக்குத் தெரிந்து 700க்கு மேல் வராது. 200 பை குறைந்தால் 13,000 ரூபாய் மிச்சம், அந்தப் பவானித் தம்பி சொன்ன ஆசனம் 30 வாங்க 12,000 தானே. இன்னொன்று, இப்போதெல்லாம் முக்கால்வாசிப் பேர் வரவேற்புக்கு வந்து சாப்பிட்டு ராத்திரியே கிளம்பிவிடுகிறார்கள். பையெல்லாம் காலைக்கென்று வைத்துவிட்டு ராத்திரி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பின வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கே பாதிக்கு மேல் பை தயாராக இருக்க வேண்டும்.

இப்போது உன் அத்தை சொன்னது. இதை நீ கவனமாகக் கேட்டுக்கொள்.

என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் போன மறு வருடம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். வாசலில் ஒரு சின்னப் பெண் பை கொடுத்துக்கொண்டிருந்தது. குங்குமச் சிமிழும் மஞ்சளும் வைத்த பை. எனக்கு முன்னால் போனவளுக்குக் கொடுத்தது, எனக்குப் பின்னால் வந்த என் மருமகளுக்குக் கொடுத்தது, நடுவில் என்னைப் பார்த்ததும் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை, அதற்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒன்றும் ஆகாதது மாதிரி நடந்துவிட்டேன். காரில் வரும்போது மருமகள் தன் பையை என் மடியில் வைத்தாள், அப்போதுதான் அழுகை வந்தது.

அதனால் சொல்கிறேன், செட்டு வேண்டாம். சமையல் மஞ்சள் தூள் என்பது எல்லா வீட்டுக்கும் பொது. குழம்பு வைக்காத வீடு கிடையாது. அதைக் கொடுக்க யாரிடமும் யாரும் தயங்க வேண்டியதில்லை. வாசலில் நிற்கப் போகிறவர்கள் யார் என்று இப்போதே முடிவு செய், விவரம் தெரிந்த இரண்டு பேரை நிறுத்து, வருகிறவர் நெற்றியைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து, இரண்டு கையாலும், "சாப்டீங்களா, பார்த்துப் போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கொடுக்கச் சொல். குங்குமம் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு தட்டில் இருக்கட்டும், எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.


பனியன் ஊர் எழுதியது:

திருப்பூரிலிருந்து ஒரு சின்ன விஷயம். சுருக்குப் பைக்குப் புதுத் துணி எடுக்க வேண்டாம். இங்கே கட்டிங் போக மிஞ்சுகிற துண்டுத் துணி எடை போட்டு விற்கிறார்கள், உள்ளங்கை அளவுப் பைக்கு அது தாராளம், கலர் கலராகவும் இருக்கும். ஆனால் பனியன் துணி இழுத்தால் நீளும், தைக்கக் கஷ்டம், நெய்த துணித் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் வேண்டாம் என்று யாராவது முடிவு செய்தால், ஈரோட்டில் திங்கள் ராத்திரியிலிருந்து செவ்வாய் வரை நடக்கிற ஜவுளிச் சந்தையில் ஈரிழைத் துண்டு மொத்தமாகப் பாருங்கள், அதுவும் எந்த வீட்டிலும் வீண் போகாது. அம்மிச்சி எழுதியதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவரும் அப்படித்தான்.


கீழ்பவானி மகள் எழுதியது:

அம்மிச்சி, நீங்கள் எழுதியதை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து படித்தோம். அம்மா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. எங்கள் பெரியம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார், இத்தனை கல்யாணத்தில் அவர் கையில் பை இருந்ததா இல்லையா என்று நாங்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வாசலில் பை கொடுக்கப் பெரியம்மாவைத்தான் கூப்பிடப் போகிறோம். அத்தையிடம் அப்பாவே பேசிவிட்டார். முதலில் முகம் கொஞ்சம் சுருங்கியது, அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார், "அவ என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவ." அதற்கு மேல் அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

குடும்பக் கணக்காக எண்ணினால் 680 வந்தது, 700 என்று வைத்துவிட்டோம். தறிமேடை அண்ணா, ஆசனம் 30 வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று தனியாகச் செய்தி அனுப்புங்கள், சிவப்பும் மஞ்சளும் கலந்து இருந்தால் நல்லது. விதை யோசனையும் பிடித்திருக்கிறது, பக்கத்துத் தோட்டத்துப் பாட்டியிடம் பீர்க்கும் சுரையும் முற்றிய காயாகத் தொங்குகிறது, கேட்டிருக்கிறோம். கறிவேப்பிலைக் கன்று நூறு தங்கைக்காக, வண்டி நிறுத்துகிற இடத்தில்.

நாளைக் காலையில் அம்மாவும் நானும் சோமனூருக்குக் காடாத் துணி பார்க்கப் போகிறோம். 700 பைக்கு, 12 அங்குல அகலம் 14 அங்குல உயரம், காதுக்கும் சேர்த்து எத்தனை மீட்டர் எடுக்க வேண்டும் என்று தையல் தெரிந்தவர்கள் ராத்திரிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.